கடிபடாத கால்கள்

எங்கள் வேலையில் கால்களுக்குத்தான் சம்பளம். காட்டோரத்து மலேரியா ஆய்வு நிலையத்தில், பொழுது சாயும் நேரம் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார வேண்டும். காலில் வந்து இறங்கும் கொசுவை, அது கடிக்கும் முன் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். உயிரோடு. என் காலில் இடம்பிடிக்கக் கொசுக்களுக்குள் அடிதடியே நடக்கும்.

தங்கையின் கணவனையும் அங்கே சேர்த்துவிட்டேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக நிலையத்து அதிகாரியம்மா சொல்லியிருந்தார். மில் மூடியதிலிருந்து மச்சானுக்கு வேலையில்லை, தங்கையோ மாசமாக இருக்கிறாள். ஆனால் வாரம் முடியப்போகிறது, மச்சானின் குழாய் காலி. புதருக்கு அந்தப் பக்கம் தவம் கிடந்தவன், கொசுகூடத் தன்னை மதிக்கவில்லை என்று புலம்பினான். கடைசி நாள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வேப்பெண்ணெய் வாடை மூக்கைத் துளைத்தது.

"என்ன மச்சான் இது?"

"உன் தங்கச்சிதான். காய்ச்சல் வந்துரும்னு பயம். தேய்க்காம வாசலைத் தாண்ட விடமாட்டேங்குறா."

தலையில் அடித்துக்கொண்டேன். புருஷன் பிழைப்புக்கு அவளே உலை வைத்திருக்கிறாள். கழுவவும் நேரமில்லை, அதிகாரியம்மா வந்துவிட்டார். காலிக் குழாயைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்ல அவர் வாயெடுத்தபோது, அவர் கன்னத்திலேயே ஒரு கொசு வந்து உட்கார்ந்தது.

மச்சான் எழுந்தான். அறைந்துவிடுவானோ என்று நானும் பதறி எழுந்தேன்.

"அசையாதீங்கம்மா," என்றவன், குழாயைக் கன்னத்தருகே கொண்டுபோய்ப் பூப்போல எடுத்துவிட்டான். கொசுவுக்கு ஒரு கால்கூட ஒடியவில்லை. அம்மா குழாயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். இனி கால் என்னுடையது, கை மச்சானுடையது என்று உத்தரவானது.

வீட்டில் சொன்னதும் தங்கைக்கு ஒரே சந்தேகம்தான், அவரைக் கொசு கடிக்காதுதானே என்று. கடிக்காது, என்னைத்தான் கடிக்கும் என்றேன். அப்பாடா என்று எழுந்து உள்ளே போனாள். எனக்குச் சுருக்கென்றது. அண்ணன் கால் என்ன மரக்கட்டையா?

திரும்பி வந்தவள் கையில் ஒரு தம்ளர் தண்ணீர், நிலையத்தில் தரும் மலேரியா மாத்திரை. நான் அதை விழுங்காமல் டப்பாவில் சேர்த்துவைப்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"முழுங்கு."

விழுங்கினேன்.

"வாயைத் திற."

நாக்குக்கு அடியிலும் பார்த்த பிறகுதான் விட்டாள்.