இடப்பக்கம் திருப்பிய குமிழ்

சிஜோ கத்தாரிலிருந்து கோட்டாறுக்குத் திரும்பி வந்தபோது ஊர் எதிர்பார்த்தது தங்கச் சங்கிலியும் அத்தர் குப்பியும். அவன் கொண்டுவந்ததோ செங்கல் அளவில் ஒரு இரும்புப் பெட்டி. முகத்தில் நாலு குமிழ், இரண்டு துளை, ஒரு பொத்தான், முதுகில் வயர்கள். அவன் அம்மா கிளாரா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரேடியோ என்றால் ஏன் பாடவில்லை என்று கேட்டாள். ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று பதில் வந்ததும் மீன் கழுவப் போய்விட்டாள்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு பக்கம் மைக், மறுபக்கம் கம்ப்யூட்டர். இரண்டுக்கும் ஒன்றன் பாஷை மற்றொன்றுக்குத் தெரியாது. நடுவில் இந்தப் பெட்டி தரகன் மாதிரி உட்கார்ந்து இங்கே வாங்கி அங்கே கொடுக்கும். சிஜோ மாடியறை மூலையில் இரண்டு மெத்தைகளை நிமிர்த்திக் கட்டி, நடுவில் மைக்கை நிறுத்தி, கதவில் 'ஒலிப்பதிவுக் கூடம்' என்று எழுதி ஒட்டினான். ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக அறிவிப்புச் செய்கிறார்களே, அதற்குக் குரல் பதிந்து கொடுப்பதுதான் தொழில்.

குரல் ஜின்சியுடையது. மூன்று தெரு தள்ளி இருக்கிற மீன் வியாபாரி மரியஜானின் மகள், நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஞாயிறு பூசையில் அவள் வாசகம் வாசித்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். 'திருவிழா' என்று அவள் சொன்னால் அந்த ழா கோயிலைச் சுற்றிவிட்டு வரும். சனிக்கிழமைதோறும் வருவாள், மாடிக்கதவு விரியத் திறந்திருக்கும், கீழே கிளாரா வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பாள்.

சிஜோவுக்கு அவளைப் பிடித்துப்போய் மாதங்கள் ஆகிவிட்டன. அவளுக்கு எப்படி என்று தெரியாது. கையிலிருந்த ஒரே நம்பிக்கை, அவள் இதுவரை அவனை 'அண்ணா' என்று கூப்பிடவில்லை என்பதுதான். முதல் நாளே கூப்பிட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே படுத்திருக்கும். வாய் திறந்து சொல்லவோ அவனுக்கு நாக்கு எழவில்லை. எதிரில் நின்றால் 'டீச்சர்', 'நீங்க', அப்புறம் பெட்டியைப் பற்றிய பிரசங்கம், அவ்வளவுதான்.

அந்தப் பிரசங்கத்தை அவள் பொறுமையாகக் கேட்டாள் என்பதையும் சொல்லவேண்டும். கெயின் குமிழைக் கூட்டினால் மைக்குக்குக் காது கூர்மையாகும், எறும்பு தும்மினாலும் பிடிக்கும். அதிகம் கூட்டினால் சிவப்பு விளக்கு எரியும், குரல் உடைந்துவிடும். இந்தப் பொத்தானை அமுக்காவிட்டால் மைக்குக்கு உயிரே இல்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள், ஹெட்போனில் தன் குரல் இரண்டு தடவை வருகிறதே என்று கேட்டாள். சிஜோவுக்குப் பரம சந்தோஷம். குரல் கம்ப்யூட்டருக்குள் போய் ஊர் சுற்றிவிட்டுத் தாமதமாகத் திரும்பி வருகிறது, அதனால்தான் இரட்டை. இந்தக் கடைசிக் குமிழை இடப்பக்கம் திருப்பினால் மைக்கிலிருந்து நேரே காதுக்கு வந்துவிடும். "கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தாலும் ஒங்களுக்குக் கேக்கும் டீச்சர்" என்றான். இப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவனுக்கு அது தன் காரியத்தில் நினைவுக்கு வராது என்பதுதான் வேடிக்கை.

அன்று சனிக்கிழமை. காலையில் இட்டிலி வைத்துக்கொண்டே கிளாரா சேதி சொல்லியிருந்தாள். மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை, குவைத்தில் வேலை, நாளை ஜின்சியைப் பார்க்க வருகிறார்கள். சிஜோ பாதி இட்டிலியோடு எழுந்துவிட்டான். இன்று சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமுடியாது.

பதிய வேண்டியதோ இலவசக் கண் சிகிச்சை முகாம். 'வருகிற ஞாயிற்றுக்கிழமை' என்று அவள் அழுத்தம் திருத்தமாக வாசிக்க வாசிக்க, அவனுக்கு நாளை வரப்போகிற மாப்பிள்ளைதான் ஞாபகத்துக்கு வந்தான். அவள் நன்றாகத்தான் வாசித்தாள். இவன்தான் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று இழுத்தான். நாலாவது தடவையில் கம்ப்யூட்டருக்கே சலித்துவிட்டது. திரை அப்படியே உறைந்து நின்றது.

ஜின்சி மெத்தை மறைவிலிருந்து வெளியே வந்து பெட்டி இருந்த மேசையருகே உட்கார்ந்தாள். ஹெட்போனைக் கழற்றவில்லை. அது அவள் வழக்கம்தான், தெரு இரைச்சல் கேட்காமல் வாசித்துப் பழகவாம். சிஜோ அதைத் தொழில்பக்தி என்று நினைத்திருந்தான். மைக் ஸ்டாண்டு ஆடுகிறது, இறுக்கிவிட்டு வருகிறேன் என்று வழக்கம்போல் மெத்தைக்குள் புகுந்தான். ஸ்டாண்டு ஆடவில்லை. கால்தான் ஆடியது.

உள்ளே மைக் மட்டும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர்தான் செத்துவிட்டதே, ஒரு தடவை சொல்லிப் பழகினால் என்ன என்று தோன்றியது. கொசு காதில் பேசுகிற சத்தத்தில் சொன்னான்.

"ஜின்சி, எனக்கு ஒன்ன ரொம்பப் பிடிச்சிருக்கு. அந்த மார்த்தாண்டத்தான் ஒனக்கு வேண்டாம், கேட்டியா."

இந்தப் பக்கத்து ஆட்கள் 'கேட்டியா' போடாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க மாட்டார்கள். நாளைக்கு மழை வரும் கேட்டியா, மீன் விலை கூடிப்போச்சு கேட்டியா. அது கேள்வியே இல்லை, சும்மா ஒரு வால். பிறந்ததிலிருந்து அவன் எத்தனையோ ஆயிரம் கேட்டியா போட்டிருப்பான், ஒருத்தரும் பதில் சொன்னதில்லை.

"கேட்டேன்" என்றது மெத்தைக்கு அந்தப் பக்கம்.

சிஜோ வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமில்லை. ஜின்சி ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். கடைசிக் குமிழ் இடப்பக்கம் முட்டத் திரும்பியிருந்தது. கெயின் குமிழ் அவன் வைத்த இடத்தைவிட நல்ல தூரம் கூடியிருந்தது.

எப்போதிலிருந்து கேட்கிறீர்கள் என்று எப்படியோ கேட்டுவிட்டான். குமிழைச் சொல்லிக்கொடுத்த மறுவாரத்திலிருந்து என்றாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்டாண்டை இறுக்கப் போய் அவன் முணுமுணுத்ததெல்லாம் நேர்வழியாக அவள் காதுக்கு வந்திருக்கிறது. பச்சைச் சுடிதார் நன்றாக இருந்தது என்றது, ஏன் சிரித்தாள் என்றது, இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று மூன்று வாரமாகச் சொன்னது. சிஜோவுக்கு அந்த மெத்தைக்குள்ளேயே திரும்பப் போய்ச் சுருண்டுகொள்ளலாம்போல் இருந்தது.

அவள் இவ்வளவு நாளும் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டான்.

"நீங்க மைக்கிட்டல்லா சொன்னிய. எங்கிட்ட சொன்னா நான் பதில் சொல்லுவேன்."

அப்போதுதான் அவள் குரலில் கொஞ்சம் நடுக்கம் இருந்ததைக் கவனித்தான். நாளைய பெண்பார்ப்பை நினைத்து அவளும் பயந்துதான் போயிருக்கிறாள். அதைப் பார்த்ததும் எங்கிருந்து வந்ததோ தைரியம், மைக் இல்லாமல், மெத்தை இல்லாமல், எதிரில் நின்று சொன்னான். டீச்சர் போடவில்லை, நீங்க போடவில்லை. அவள் கண் கலங்கியது, உடனே சிரித்தும்விட்டாள். எனக்கும்தான் என்றாள். அப்புறம் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, இன்று சாயங்காலமே வந்து அப்பாவிடம் கேட்கவேண்டும், அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், உரக்கச் சொன்னால்தான் விழும் என்று சொல்லிப் படியிறங்கிப் போனாள்.

சாயங்காலம் மரியஜான் வீட்டு வாசலில் ஐஸ் பெட்டி கழுவிக்கொண்டிருந்தார். சிஜோ இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நின்று, மூச்சை நன்றாக இழுத்து, குழாய் கட்டாத ஆட்டோவாக மாறினான்.

"மாமா, ஜின்சிய எனக்குக் கெட்டித் தரணும்."

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. எதிர்வீட்டு மாடியில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. தையல்கடை மெஷின் நின்றது. மரியஜான் கையிலிருந்து பெட்டி மூடி நழுவிக் காலில் விழுந்தது.

"ஏலே, எனக்க காது நல்லாத்தான் இருக்கு. என்னத்துக்கு இப்பிடி அலறுக?"

சிஜோ திகைத்து வாசலைப் பார்த்தான். ஜின்சி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மரியஜான் தெருவை ஒரு தடவை பார்த்தார், மகளை ஒரு தடவை பார்த்தார். இனி மார்த்தாண்டத்துக்கு ஆளனுப்ப வேண்டியதில்லை, சேதி தானே பஸ் ஏறிவிடும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. காலைத் தடவிக்கொண்டே, உள்ளே வந்து உட்காரும்படி சொன்னார்.

படியேறும்போது சிஜோ அவளிடம் ஏன் பொய் சொன்னாய் என்று மெதுவாகக் கேட்டான்.

"இத்தன நாளா நான் மட்டும் கேட்டேன்லா" என்றாள் ஜின்சி. "இனி தெரு முழுக்கக் கேக்கட்டு."