நாசிஃப் வீட்டுக் கல்யாணக் கேசட்

கல்யாண மேடையில் சும்ரா மூன்றாவது பாட்டை எடுத்தபோது சுரங்கத்துச் சங்கு ஊதியது. ஷிப்ட் முடிகிற நேரமில்லை. துஸ்லா நகரைச் சுற்றிய எங்கள் சுரங்க ஊர்களில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்: உள்ளே விபத்து. மைக்கைப் போட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள். புருஷன் எஷ்ரெஃப் காலையில்தான் குழிக்குள் இறங்கியிருந்தான்.

மாப்பிள்ளையின் அப்பா நாசிஃப் வழிமறித்தார்.

"எங்க ஓடுற தங்கச்சி? மருமக வண்டி வர்ற நேரம். பாட்டில்லாத வாசல்ல அவ காலை வெச்சா ஊரு என்ன பேசும்?"

"என் புருஷன் உள்ள இருக்கான் அண்ணே."

"சுரங்க கேட்டுக்கு வெளிய நின்னு அழத்தானே போற? என் மச்சானை அனுப்புறேன். விசாரிச்சிட்டு வரட்டும். நீ பாடு."

பாடினாள். செவ்தாலிங்கா என்று நாங்கள் சொல்லும் காதல் துயரப் பாட்டுகளில் பேர் வாங்கியவள்தான். அன்று ஒவ்வொரு வரியும் நடுங்கியது.

"ஏம்மா, இது கல்யாணமா இழவு வீடா?" என்று பந்தியிலிருந்து ஒருவன் கத்தினான். "கொஞ்சம் சிரிச்சுப் பாடு!"

மச்சான் திரும்பி வந்தான். முழு ஆடு சுட்டுக்கொண்டிருந்த இடத்தில் நாசிஃப்பிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு மேடைக்கு வந்தான்.

"வெளிய தூக்கிட்டாங்கக்கா. கால்தான் ஒடிஞ்சிருக்கு. ஆசுபத்திரிக்கு வரும்போது ஆட்டுத்தொடை ஒண்ணு கொண்டாரச் சொன்னான்."

"தின்னிப் பய!" என்று சும்ரா வாய்விட்டுச் சிரித்தாள்.

பத்தொன்பது வருஷமாகக் குடிக்கடைகளிலும் ஆலைக் கூடங்களிலும் பாடியவள். அப்படி ஒரு நாளும் பாடியதில்லை. மணப்பெண் வாசலில் கால் வைத்தபோது குரல் துள்ளியது. கிழவர்கள் ஆடினார்கள், எங்கள் வழக்கப்படி குஷியில் கண்ணாடித் தம்ளர்களை உடைத்தார்கள். அக்கார்டியன்காரன் ரமீஸ் மட்டும் தலை நிமிரவில்லை.

"தூங்குறியாடா? வேகமா வாசி!" என்று அவன் தோளில் தட்டினாள்.

சாயங்காலம் ஆட்டுத்தொடையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனாள். அந்தப் பெயரில் யாரையும் கொண்டுவரவில்லை என்றார்கள். எஷ்ரெஃப் சுரங்கத்துக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தான். மச்சான் விசாரிக்கப் போனபோதே அங்கேதான் கிடந்திருக்கிறான்.

அடக்கத்துக்கு வந்த நாசிஃப் தலை குனியவில்லை. "நீ ஓடிப் போயிருந்தா எழுந்திருச்சிருப்பானா?" என்று கேட்டார். 

கல்யாணத்துப் பாட்டை யாரோ பதிவு செய்திருந்தார்கள். குளிர்காலத்துக்குள் சந்தைக் கடையெல்லாம் அந்தக் கேசட். இரண்டு முறை அவளைத் திருப்பி அனுப்பிய வானொலிக்காரர்கள் கூப்பிட்டார்கள். ஜெர்மனிக்குக் கூலி வேலைக்குப் போன நம் ஆட்கள் கூப்பிட்டார்கள். போன இடமெல்லாம் ஒரே சத்தம்: "அந்தக் கல்யாணப் பாட்டு! அதே மாதிரி!"

பாடினாள். ராகம் வந்தது. அந்தச் சிரிப்பு வரவில்லை. "கேசட்ல இருக்கிறது வேற எவளோ" என்று பேச்சு கிளம்பியது. கூப்பிடுவது குறைந்தது, பிறகு நின்றது.

இப்போது நூற்பாலைக் கேன்டீனில் அண்டா கழுவுகிறாள். ஒரு நாள் அடுப்படியில் ஒரு பெண் அந்தக் கேசட்டைப் போட்டாள்.

"இது நீங்கதானே சும்ராக்கா? யப்பா, என்ன சந்தோஷம் அந்தக் குரல்ல!"

"நான்தான்."

அந்தக் கல்யாணத்தன்று நடந்ததைச் சொன்னால் ஒரு மூச்சு அழுவார்கள், மறுபடியும் இதையேதான் போடுவார்கள். அடிப்பிடித்த பீன்ஸைச் சுரண்டினாள்.

"சத்தம் கூட்டட்டுமாக்கா?"

"கூட்டு."