எதிராளி இல்லாத வழக்கு

ஜெயபுரத்தில் அருந்ததியை எல்லோருக்கும் தெரியும். அவளை நின்றபடி பார்த்தவர்கள்தான் குறைவு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வீரகத்தி லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் பாயை விரித்து, அவளைக் கிடத்திச் சபைக்குக் கொண்டுபோவார். நிமிர்ந்து இருந்துகொண்டு போனால் கிரவல் றோட்டின் குலுக்கலை முதுகு தாங்காது. முதல் தடவை போனபோது எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்று தொப்பியைக் கழற்றினார். அருந்ததி மரியாதைக்குக் கையை அசைத்தாள். அந்த மனுசன் அதற்குப் பிறகு அந்த றோட்டால் வருவதில்லை.

முதுகில் இருப்பது ஒரு செல் குண்டின் துண்டு. கடைசிச் சண்டையில், அவளுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது உள்ளே போனது. பல வருசம் சத்தமில்லாமல் கிடந்துவிட்டு, அம்மா செத்த வருசம் வேலையைக் காட்டத் தொடங்கியது. எடுத்தால் கால் இரண்டும் போகலாம், விட்டால் நோகும் என்றார் டொக்டர். நீங்களென்றால் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டாள். விட்டுவிடுவேன் என்றார். விட்டாயிற்று. நோகிறது.

சபை என்பது தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம். பாஸ்டரின் பெயர் பரமேஸ்வரன். ஞானஸ்நானம் எடுத்தபோது பெயரையும் மாற்றச் சொன்னார்களாம். அடையாள அட்டையில் மாற்றுவதற்கு அலைய வேண்டும் என்று விட்டுவிட்டார். ஆண்டவருக்கு ஆளைத் தெரியும் என்பார்.

அருந்ததி கடைசிக் கதிரைகளுக்குப் பின்னால் பாயை விரித்து, கிடந்தபடி ஆராதனையில் கலந்துகொள்வாள். முதலில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. கர்த்தருடைய சந்நிதியில் கால் நீட்டுவதா என்று கேட்டார்கள். பாஸ்டர் ஒரு கிழமை யோசித்துவிட்டு, காலைக் கதவுப் பக்கம் நீட்டச் சொன்னார். பிரச்சினை தீர்ந்தது. கிடக்கிறவளுக்குக் கூரை நன்றாகத் தெரியும். எந்தத் தகரத்தில் ஆணி கழன்றிருக்கிறது, மாரிக்கு எங்கே ஒழுகும் என்பதையெல்லாம் அவள்தான் முன்கூட்டியே சொல்லுவாள்.

பிறகு கமலாசனி அக்கா ஒரு பாயோடு வந்தார். அவருக்கு ஒரு கால் பொய்க்கால். "இருந்து கேட்டு எனக்கொரு பிரசங்கமும் விளங்கினதில்லை. கிடந்து கேட்டுப் பாப்பம்" என்று அருந்ததிக்குப் பக்கத்தில் பாயை விரித்து, காலைக் கழற்றித் தலைமாட்டில் வைத்தார். அடுத்த மாதம் இடுப்பு உடைந்த ஒருவர் வந்தார். அதற்கு அடுத்த மாதம் வந்தவருக்கு என்ன வருத்தம் என்று யாரும் கேட்கவில்லை. பாய் கொண்டுவந்திருந்தார், அது போதும்.

ஆண்டு விழாவுக்கு வவுனியா நெளுக்குளத்தில் இருந்து பெரிய பாஸ்டர் வருவதாக இருந்தது. அதற்கு முந்திய கிழமை பாஸ்டர் பரமேஸ்வரன் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, இந்த முறை நீங்கள் சாட்சி சொல்லவேணும்."

சபையில் சாட்சி என்றால், கர்த்தர் தனக்குச் செய்ததை எழுந்து நின்று எல்லோருக்கும் சொல்லுவது. அதற்கொரு முறை இருக்கிறது. முதலில் கஷ்டம், நடுவில் ஜெபம், கடைசியில் சுகம் அல்லது கனடா விசா. அருந்ததியிடம் முதல் இரண்டும் இருந்தன.

"நான் என்னத்தைச் சொல்லுறது பாஸ்டர்? துண்டு உள்ளுக்கதானே கிடக்குது."

"விசுவாசத்தில சொல்லுங்கோ. சுகமாயிட்டன் எண்டு வாயால அறிக்கை செய்தா சுகம் பின்னால வரும். பாயைச் சுருட்டிக் கக்கத்துக்க வைச்சுக்கொண்டு முன்னுக்கு நடந்து வாங்கோ. பெரிய தூரமில்லை."

"நான் வராட்டி?"

பாஸ்டர் கெட்ட மனுசன் இல்லை. அவளால் எழும்ப முடியாத நாட்களில் வந்து, தானே குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு ஜெபிக்கிறவர்.

"போன முறை பெரிய பாஸ்டர் பாய்களைப் பாத்திட்டு, இது சபையோ ஆஸ்பத்திரி வாட்டோ எண்டு கேட்டவர். ஒரு ஆளாவது எழும்பினா அவருக்குச் சொல்ல என்னட்ட ஒரு பதில் இருக்கும். ஒருத்தரும் எழும்பாட்டி, பாய் ஆக்களை வீட்டிலயே விட்டிட்டு அங்க போய் ஜெபியுங்கோ எண்டுவார்."

வீடு என்றால் என்ன என்று அருந்ததிக்குத் தெரியும். சபைக்குப் போக முன்னம் ஒரு வருசம் வீட்டில் கிடந்து பார்த்தவள். சுவர் சாம்பல் நிறம். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

"யோசிக்கிறன் பாஸ்டர்" என்றாள்.

அன்று பின்னேரம் வீரகத்தி கடையில் இருந்து அவசரமாக வந்தார். கமலாசனி அக்கா செய்தியை அங்கே எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

"பிள்ளை, நீ சாட்சி சொல்லப் போறியாம்?"

"ஓம் அப்பா."

"ஆருக்கு எதிரா?"

"ஒருத்தருக்கும் எதிரா இல்லை."

"எதிராளி இல்லாமல் என்னடி வழக்கு?"

வீரகத்தி பிள்ளையாரைக் கும்பிடுகிறவர். மகள் சபைக்குப் போவதில் அவருக்கு முறைப்பாடு இல்லை. அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டதும் இல்லை. அவளை இறக்கிவிட்டு, முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் இருந்து வெற்றிலை போடுவார். ஆனால் சாட்சி என்ற சொல்லை அவருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒரு மாட்டுக் களவு வழக்கில் கண்டதைச் சொல்லப் போய், தவணை தவணையாகக் கிளிநொச்சிக் கோட்டுக்கு ஏறி இறங்கியவர். மாடு செத்தது. களவெடுத்தவன் கலியாணம் கட்டிப் பிள்ளையும் பெற்றான். வழக்கு முடியவில்லை.

"இது கோட்டில இல்லையப்பா. சபையில. கர்த்தர் எனக்கு என்ன செய்தவர் எண்டு சொல்லுறது."

"ஆர் விசாரிக்கிறது?"

"வவுனியாவில இருந்து ஒரு பெரிய பாஸ்டர் வாறார்."

"வெளி மாவட்டத்தில இருந்தோ?" வீரகத்தி கதிரையை இழுத்துப் போட்டு அவளுடைய பாய்க்குப் பக்கத்தில் இருந்தார். "அப்ப விசயம் பெரிசு. கவனமாக் கேள். கண்டதை மட்டும் சொல்லு. காணாததைக் கண்டதெண்டு சொன்னியோ, மற்றப் பக்கத்தான் எழும்பி ரெண்டு கேள்வி கேக்க எல்லாம் உடைஞ்சுபோம். பிறகு நீ உண்மையாக் கண்டதையும் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

"சுகமாயிட்டன் எண்டு சொல்லச் சொல்லுகினம்."

"சுகமோ?"

"இல்லை."

"அப்ப அது பொய்ச்சாட்சி. அதுக்கு மறியல்ல போடுவாங்கள்."

அருந்ததி பாஸ்டர் சொன்னதையும் தள்ளிவிடவில்லை. அடுத்த நாள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சுகமாயிட்டன் என்று வாய்விட்டுச் சொல்லி நடந்து பார்த்தாள். விசுவாசம் குசினி வாசல்வரை வந்தது. பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா வந்து பாயை வாங்கி விரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீரகத்தி கோட்டுக்குக் கட்டுகிற வெள்ளை வேட்டியைக் கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு லான்ட்மாஸ்டரை எடுத்தார். அன்றைக்கு வேப்பமரத்தடியில் இருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கடைசிக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

பாட்டும் ஜெபமும் முடிந்தன. பாஸ்டர் அவளுடைய பெயரைச் சொன்னார். அருந்ததி பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி, கமலாசனி அக்காவின் தோளைப் பிடித்து எழும்பினாள். பாய் கிடந்த இடத்திலேயே கிடந்தது. பாஸ்டர் அதைப் பார்த்தார். அவள் கதிரைகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து முன்னுக்குப் போய், ஒலிவாங்கி நின்ற கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"துண்டு இன்னும் உள்ளுக்கதான் இருக்கு. நோவும் இருக்கு. இப்பவும் நோகுது."

பாஸ்டர் கண்ணை மூடினார். அது ஜெபமாகவும் இருக்கலாம்.

"துண்டை எடுத்துவிடும் எண்டு கனகாலம் கேட்டனான். எடுக்கேல்லை. பிறகு என்னை எடுத்துவிடும் எண்டு கேட்டனான். அதையும் செய்யேல்லை."

பாய் வரிசையில் யாரோ சிரித்தது கேட்டது. கமலாசனி அக்காவின் சிரிப்பு அது, எங்கே கேட்டாலும் தெரியும்.

"சுகமாயிட்டன் எண்டு சொல்ல எனக்கும் விருப்பம்தான். ஆனா, இயேசப்பா உயிர்த்தெழும்பின பிறகும் அவற்ற கையில ஆணி அடிச்ச ஓட்டை இருந்ததாம். அதைக் காட்டித்தான் நான்தான் வந்திருக்கிறன் எண்டு காட்டினவராம். பாஸ்டர் இதைப் பிரசங்கிச்ச அண்டைக்கு நான் பின்னுக்குக் கிடந்து கூரையைப் பாத்துக்கொண்டிருந்தனான். அப்பதான் விளங்கினது, காயத்தோடயும் எழும்பலாம் எண்டு."

பெரிய பாஸ்டர் முன்னுக்குக் குனிந்தார். நீண்ட பயணத்தில் அவருக்கும் இடுப்பு பிடித்திருந்தது போலத் தெரிந்தது. "சரி மகள். அப்ப கர்த்தர் உங்களுக்கு என்ன செய்தவர்?"

அருந்ததி யோசித்தாள். கண்டதை மட்டும் சொல்லவேண்டும்.

"பக்கத்தில ஒரு பாய் தந்தவர்" என்றாள். "நான் வராட்டிக் கமலாசனி அக்கா வரமாட்டா. அவ வராட்டி மற்றவையும் வரமாட்டினம். அதால நோகுதோ இல்லையோ நான் வரவேண்டிக் கிடக்கு. முந்தி எனக்கு எழும்பிறதுக்கு ஒரு காரணமும் இருக்கேல்லை. எல்லாத்தையும் புதிசாக்கிற நாள் ஒண்டு வரும், அண்டைக்கு இந்தத் துண்டையும் எடுப்பார் எண்டு நம்புறன். அதுவரைக்கும் என்ர வேலை பாய் விரிக்கிறது. அவ்வளவுதான்."

ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. எந்த இடத்தில் சொல்லுவது என்று சபைக்குத் தெரியவில்லை. அந்த அமைதியில் கடைசிக் கதிரையில் இருந்து வீரகத்தி எழும்பினார்.

"ஐயா, நான் வீரகத்தி. ஜெயபுரம். சொன்ன ஆளின்ர தகப்பன். என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை. எண்டாலும் நானும் கண்ட சாட்சி."

எல்லோரும் திரும்பித் திருநீற்றைப் பார்த்தார்கள்.

"சொல்லுங்கோ ஐயா" என்றார் பெரிய பாஸ்டர்.

"தாய் செத்த பிறகு இவள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தவள். சோறு வைச்சாத் தின்னுவாள், வைக்காட்டிக் கேக்கமாட்டாள். என்ன கிழமை எண்டும் கேக்கிறேல்லை. இப்ப வியாழக்கிழமையே கேக்கத் தொடங்கிவிடுவாள், லான்ட்மாஸ்டருக்கு டீசல் இருக்கோ எண்டு. இதை ஆர் செய்தது எண்டு நான் காணேல்லை. காணாததைச் சொல்லமாட்டன். செய்துகிடக்கிறதைக் கண்டனான்." அவர் இருக்காமல் நின்றார். "குறுக்குக் கேள்வி ஏதும் இருக்கோ?"

பெரிய பாஸ்டர் இல்லை என்று தலையாட்டினார். பாய்களைப் பார்த்தார். பிறகு பாஸ்டர் பரமேஸ்வரனிடம் திரும்பினார்.

"ஏன் இவையைக் கதவடியில போட்டிருக்கிறியள்?" என்றார். "முழுப் புழுதியும் அங்கதான். முன்னுக்கு விரிக்கச் சொல்லுங்கோ."

அப்போதுதான் முதல் அல்லேலூயா வந்தது. கமலாசனி அக்கா காலை மாட்டிக்கொண்டே கேட்டார்:

"முன்னுக்கு வந்தா, பாஸ்டர், கால் எந்தப் பக்கம் நீட்டுறது?"

பாஸ்டர் பரமேஸ்வரன் யோசிக்கத் தொடங்கினார்.

கூட்டம் முடிந்து, வீரகத்தி வைக்கோலைத் தட்டிப் பாயை விரித்து மகளைக் கிடத்தினார். முதுகு நன்றாக நொந்தது. அவள் கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"தீர்ப்பு ஒண்டும் சொல்லேல்லையே" என்றார் வீரகத்தி. "அடுத்த தவணை எப்ப?"

"வாற ஞாயிறு, அப்பா."

"நானும் வரவேணுமோ?"

"சாட்சிக்காரர் வரத்தானே வேணும்."

வீரகத்தி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு லான்ட்மாஸ்டரை இயக்கினார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "ஒருக்கா வாய் துறந்தா பிறகு விடமாட்டாங்கள்."