உப்புத் தண்ணி ஆகாது

கோவளத்தில் மீன் மார்க்கெட்டைத் தாண்டியதும் யோகேஸ்வரியின் பியூட்டி பார்லர். 2007 மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அரை நாள் லீவு போட்டுவிட்டு அங்கே ஒரு கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். சிறுசேரியில் சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிப்பது என் உத்தியோகம். சொந்த வாழ்க்கைக்கு வேண்டிய பிழைகளை நானே தயாரித்துக்கொள்வேன்.

கல்யாணமாகி நாலு மாதம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை நானும் என் கணவர் கிரிதரும் ஒரு ரிசார்ட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே நீச்சல் குளம் உண்டு. நீச்சல் உடையும் வாங்கியாகிவிட்டது. ஆனால் அந்த உடைக்கும் எனக்கும் ஓர் எல்லைத் தகராறு. அதைத் தீர்க்கத்தான், தொடையிடுக்கு முடியை மெழுகு ஒட்டிப் பிடுங்கும் பிகினி வேக்ஸ். ரிசார்ட்டும் குளமும் மாமியார் பெருந்தேவிக்குத் தெரியும்; வேக்ஸ் விஷயம் மட்டும் தெரியக்கூடாது. மாமல்லபுரத்தில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். நான் நைட்டியோடு ஹாலுக்கு வந்தாலே அவர் தொண்டையைக் கனைப்பார்.

யோகேஸ்வரி முதல் பட்டையை ஒட்டி இழுத்தாள். பட்டை மட்டும் தனியாக வந்தது.

"இன்னா கண்ணு, எண்ணெ தேச்சிகினு வந்துகீறியா?"

"வெள்ளிக்கிழமையாச்சே. தலைக்கு எண்ணெய் வைக்காம மாமியார் விடமாட்டார்."

"நல்லா கீது போ! எண்ணெ கீற தோல்ல மெழுவு எப்டி ஒட்டும்? முந்தின நாளே துணியால லேசா தேச்சிக் குளிச்சிக்கணும். வரசொல்ல எண்ணெ, கிரீம் ஒண்ணும் கூடாது. முடி அரிசி நீளம் இருந்தா போதும்."

கழுவித் துடைத்து, பவுடர் தூவி, மறுபடி இழுத்தாள். நான் போட்ட சத்தத்தில் மார்க்கெட்டில் வஞ்சிர மீன் பேரம் ஒரு கணம் நின்றது.

எல்லாம் முடிந்ததும் உபதேசம் செய்தாள். "ரெண்டு நாளைக்கு சுடுதண்ணி ஊத்தாத. சென்ட்டு, பவுடர் வேணாம். ஜீன்ஸ மாட்டிகினு திரியாத, தொளதொளன்னு காட்டன் போடு. எரிஞ்சா ஈரத்துணி வையி. முக்கியமா உப்புத் தண்ணி ஆவாது. கடலாண்ட போவாத."

"நான் எதுக்குக் கடலுக்குப் போகப்போறேன்?" என்று சிரித்தேன்.

மறுநாள் மாசி மகம். பெருமாள் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தமாடும் நாள். எனக்குப் பிராஜெக்ட் டெட்லைன் தெரிந்த அளவுக்குப் பஞ்சாங்கம் தெரியாது.

விடியற்காலையில் எழுப்பினார்கள். ஒரு அண்டா புளியோதரையை நானே கலந்தேன். செங்கல்பட்டிலிருந்து உறவுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கடற்கரையில் மாமியார் என் கையைப் பிடித்தார்.

"வாடி, பெருமாள் தீர்த்தமாடியாச்சு. நாமளும் முங்கிட்டு வரலாம்."

"இல்லம்மா, நான் இங்கேயே நிக்கறேன். இன்னிக்கு என்னால முடியாது."

பிடித்த கையை உதறிவிட்டு இரண்டடி பின்னால் போனார். "ராமா! காலங்கார்த்தால சொல்லப்படாதோ? புளியோதரை முழுக்க நீதானே கலந்தே! இத்தனை பேர் வந்திருக்கா, அவ்வளவையும் கொட்டணுமே!"

நான் வீட்டுக்கு விலக்கு என்று நினைத்துவிட்டார். ஆமாம் என்றால் ஒரு அண்டா புளியோதரை மண்ணுக்குப் போகும், மூன்று நாள் நான் மூலையில் உட்காரவேண்டும், ரிசார்ட்டும் போச்சு. உண்மையைச் சொன்னால் என் மானம் போச்சு.

"அதெல்லாம் இல்லம்மா. வரேன், வாங்கோ."

கணுக்கால் வரை சுகமாகத்தான் இருந்தது. முழங்காலிலும் பாதகமில்லை. அடுத்த அலை சற்று உயரமாக வந்தது.

"பெருமாளே!" என்று அலறிக் குதித்தேன். என்னிடம் இவ்வளவு பக்தி இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். இன்னொரு அலை. இன்னொரு குதி. பக்கத்தில் முங்கிக்கொண்டிருந்த குப்பத்துப் பெண்கள் திரும்பினார்கள்.

"ஏய் கல்யாணி, பொண்ணுக்கு சாமி வந்துகீதுடி! புடி, புடி!"

இருவர் என் தோளைப் பிடித்தார்கள். கல்யாணி கை கூப்பினாள். "தாயே, என் பையனுக்கு இந்த வருசமாச்சும் வேலை கெடைக்குமா?"

"கெடைக்கும், கெடைக்கும். என்னை விடுங்க!"

அவள் கண் கலங்கிவிட்டது. பெருந்தேவி வாய் பிளந்து நின்றார். அவர்கள் குடும்பத்தில் இதுவரை யாருக்கும் சாமி வந்ததில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஈரப் புடவையோடு ஒருத்தி வந்தாள். யோகேஸ்வரி!

"தள்ளுங்கடி, சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏன் கண்ணு, நேத்து அம்மாந்தூரம் சொல்லி அனுப்சேனே! மெழுவு வெச்சி இழுத்த தோலு, உப்புத் தண்ணி பட்டா எரியாம இன்னா பண்ணும்?"

"எந்தத் தோல்?" என்றார் பெருந்தேவி.

யோகேஸ்வரி என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். "அது வந்து... முட்டிம்மா."

நான் இரண்டு கையாலும் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்த இடத்தை மாமியார் ஒரு பார்வை பார்த்தார். "முட்டி அவ்வளவு உசரத்துலயா இருக்கு?"

பூமி பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன். மணல் என்னவோ கால் அளவுக்குத்தான் வழிவிட்டது. மாமியார் துண்டை என் மேல் போர்த்தி, வேனுக்குப் பின்னால் அழைத்துப் போனார். குடிக்கக் கொண்டுவந்த நல்ல தண்ணீர்க் குடத்தை எடுத்தார்.

"நன்னா விட்டுக்கோ. தேய்க்காதே."

கிரிதர் ஓடிவந்தார். "என்னாச்சும்மா அவளுக்கு?"

"பொம்மனாட்டி சமாசாரம். நீ போய்ப் பெருமாளைச் சேவி. ரிசார்ட்டை அடுத்த வாரத்துக்கு மாத்திக்கோ. குளத்துத் தண்ணியில மருந்து கலப்பா, அதுவும் எரியும்."

புளியோதரைப் பந்தி முடிந்து உறவுகள் கிளம்பிய பிறகு, கற்றாழையை நறுக்கி, மஞ்சள் பால் போகக் கழுவி, ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தார். கதவைத் தாழிட்டார். அர்ச்சனை ஆரம்பமாகப் போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மோவாயைத் தடவினார்.

"ஏண்டி, இங்கே ரெண்டு மூணு முடி மொளைச்சிருக்கு. யாராவது கிட்ட வந்து பேசினாலே கையால மறைச்சுக்கறேன். உன் யோகேஸ்வரி இதை எடுப்பாளோ?"

"எடுப்பாம்மா."

"வலிக்குமோ?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "கொஞ்சம் கத்துவேள்."

"கத்தினா கத்திட்டுப் போறேன். நீ பக்கத்துல இருப்பியோல்லியோ?"