பாதியை விட்டுவிட வேண்டும்

வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போக வேண்டுமென்றால் ஓர் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி. நான்கிலும் ‘பி’யாவது வாங்கினால்தான் வேலை. ஒரே வீட்டு மருமகள்கள் இரண்டு பேர், இரண்டு பேருமே ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள். முதல் தடவையிலேயே நான்கிலும் ‘பி’ வாங்கிக்கொண்டு வந்தவள் யார் தெரியுமா? சின்ன மருமகள்!

பெரியவளுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? டாக்டர்களின் இங்கிலீஷையே திருத்துகிறவள் அவள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு ‘டிக்‌ஷனரி’ என்றே பெயர். சின்னவளோ இங்கிலீஷில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்குகிற ஆள். ஆனாலும் பெரியவள் இரண்டு தடவை எழுதி, மற்ற மூன்றிலும் ‘ஏ’ வாங்கி, எழுதுவதில் மட்டும் ‘சி’யில் நின்றாள். அவளுக்கென்று வைத்திருந்த இடத்தை சின்னவள் போகப்போகிற அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரி இன்னும் ஒரே ஒரு தேர்வு வரைக்கும்தான் பிடித்து வைத்திருக்கும். அதிலும் கோட்டைவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

சின்னவள் பயணத்துக்குப் புதுப் பெட்டி வாங்கிக் கூடத்தில் வைத்தாள். பெரியவள் அதைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். சக்கரம் வைத்த பெட்டி, சொன்னபடி கேட்டு உருண்டு போனது. அதுகூட அவளுக்குப் பிடிக்கவில்லை.

தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது சின்னவள் தயங்கித் தயங்கி வந்தாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?”

“சொல்லும்மா. இப்ப நீதானே புரொஃபசர்.”

“லெட்டர் எழுதறதுக்கு நோயாளியோட குறிப்பு குடுப்பாங்கல்ல, முதல் அஞ்சு நிமிஷம் பேனாவையே தொடக் கூடாது, படிக்க மட்டும்தான். அப்பவே லெட்டர் யாருக்குப் போகுது, அவங்களுக்கு எது வேணும்னு பாத்துட்டு, மத்ததை விட்டுடணும். பாதிக்குப் பாதி விடணும்கா. இருநூறு வார்த்தை போதும்.”

“நோயாளி விஷயத்துல விடறதா?”

“வேண்டாததையும் வேணும்னேதான் கலந்து குடுக்கறாங்க. எதை விடறோம்னு பாக்கறதுக்குத்தான்.”

பதினெட்டு வருஷமாக வார்டில் ஷிப்ட் மாறும்போது நோயாளியைப் பற்றி ஒரு வரி விட்டுப்போனாலும் எதிரில் நிற்கிற நர்ஸை உண்டு இல்லை என்று ஆக்குகிறவள் பெரியவள். அவளிடம் போய்ப் பாதியை விடு என்றால்? அடிப்பாவி, என்னைக் கவிழ்க்கத்தானே இந்தப் பாடம் என்று மனசுக்குள் கறுவினாள். “ரொம்ப தேங்க்ஸ்மா” என்று வாயால் சொன்னாள்.

தேர்வில் இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆன ஒரு பெரியவரின் குறிப்பு வந்தது. வீட்டில் அவருக்கு நடைப்பயிற்சி கொடுக்கப்போகிறவருக்குக் கடிதம் எழுத வேண்டும். பெரியவள் ஒன்றையும் விடவில்லை. ஏழு வயதில் டான்சில் எடுத்தது, சிகரெட்டை நிறுத்திய வருஷம், மூத்த மகள் செய்கிற வேலை, எல்லாம் போட்டு நானூறு வார்த்தை. இங்கிலீஷ் என்றால் அப்படி ஒரு இங்கிலீஷ்! சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தாள்.

மறுபடியும் ‘சி’.

ரிசல்ட்டைப் பார்த்த கையோடு சின்னவளின் அறைக்குப் போனாள். அவள் கட்டிலில் துணிகளைப் போட்டு நின்றபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நீ சொன்னதுதான்டி சரி. நான்தான் நீ என்னைக் கவிழ்க்கப் பாக்கறேன்னு நெனைச்சேன். பொறாமை. உன் பெட்டியைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.”

சின்னவளின் கை நின்றது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்கா.”

“தெரிஞ்சேதான் சொன்னியா?”

“உங்க வீட்டுக்காரர் வாயால சொல்ல வெச்சிருந்தா கேட்டிருப்பீங்க. கோச்சிங் சார் சொன்னாருன்னு சொல்லியிருந்தாக்கூடக் கேட்டிருப்பீங்க. ரெண்டும் எனக்குத் தோணுச்சு. அதனாலதான் நானே வந்து என் வாயால சொன்னேன். சொன்ன மாதிரியும் இருக்கும், நீங்க கேக்காத மாதிரியும் இருக்கும்.”

“ஏன்டி?”

“நீங்க அங்க வந்துட்டா ஆறே மாசத்துல இன்சார்ஜ் ஆயிடுவீங்க. இந்த வீட்லயும் உங்களுக்கு அடுத்தது, ஆஸ்பத்திரிலயும் உங்களுக்குக் கீழ. போற எடத்துலயாவது நான் மட்டும் இருந்துக்கறேனேன்னு நெனைச்சேன்.”

பெரியவளுக்கு ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. இவள் இடத்தில் தான் இருந்திருந்தால் இப்படி உண்மையை ஒப்புக்கொண்டிருக்கவே மாட்டோம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. மடித்த துணிகளைத் தள்ளி வைத்துவிட்டு சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.