பொத்தான் பழகிய கை

“அம்பு சுடுறன் எண்டு சொல்லாதேங்கோப்பா. சுடுறது துவக்கு. அம்பு விடுறது” என்று ராசமலர் திருத்தாத நாளில்லை. அவள் கணவர் தவராஜாவும் லேசில் இறங்கிவர மாட்டார். டேனிஷில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், தான் வேட்டை பழகியதும் டேனிஷில்தான், பிறகென்ன என்பார். அதற்கு மேல் கதைக்க அவருக்குத் தெம்பிருக்காது.

தெம்பு எங்கிருந்து வரும்? டென்மார்க்கின் இக்காஸ்டில் ஒரு துணி ஆலையில் இருபது வருடத்துக்கு மேலாக ஒரே வேலை. வெளிச்ச மேசைமேல் துணி ஓடும். அறுந்த நூலோ எண்ணெய்க் கறையோ கண்ணில் பட்டால் சிவப்புப் பொத்தானில் அடித்து மெஷினை நிறுத்த வேண்டும். வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றவும் மனம் வராது, அப்படியே கதிரையில் சரிந்துவிடுவார். உடம்பு கொஞ்சம் இளகுவது பீற்றரின் காட்டில்தான். பீற்றர் அதே ஆலையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வில் வேட்டைக்குத் தவராஜாவை இழுத்துவிட்டதும், காட்டுக் கேற்றுப் பூட்டின் திறப்பு ஒன்றைக் கையில் தந்து நினைத்த நேரம் வா என்றதும் அவர்தான்.

அந்தத் திறப்பு போன ஐப்பசியில் பறிபோனது.

இந்தக் காலத்துக் கப்பி வில்லில் நாணை விரலால் இழுப்பதில்லை. றிலீஸ் என்று ஒரு சின்னக் கொளுக்கி நாணைப் பிடித்துக்கொள்ளும். அதன் விசையை ஆள்காட்டி விரலால் மெல்ல அழுத்தினால் நாண் விடுபடும். மெல்ல! தவராஜாவின் விரலுக்கு அந்தச் சொல்லே தெரியாது. குறி மானின் தோளைத் தொட்டதோ இல்லையோ, டக்கென்று குத்திவிடும். குத்தினால் வில் ஆடும். அன்றைக்கும் ஆடியது. அம்பு கிடாய் மானின் வயிற்றில் போய்ப் பட்டது. மறுநாள் காலை மோப்ப நாய் கண்டுபிடித்தபோது மான் ஒரு வாய்க்காலுக்குள் கிடந்தது. மூச்சு இருந்தது. பீற்றர்தான் துவக்கால் முடித்துவைத்தார். திரும்பி வரும்போது காரை நிறுத்திக் கையை நீட்டித் திறப்பை வாங்கிக்கொண்டார்.

“விரலைத் திருத்திவிட்டு வா.”

இரண்டு ஏச்சு ஏசியிருந்தாலும் தேவலை. அந்த மானின் கண் தவராஜாவை எத்தனையோ நாள் தூங்க விடவில்லை.

ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு வில் கடைக்காரர், விரல்தானே பிரச்சினை, கட்டைவிரலால் அழுத்தும் றிலீஸை எடுத்துப் பாருங்கள் என்றார். வாங்கி வந்து கராஜில் வைக்கோல் கட்டைப் பார்த்து அம்பு விட்டால், ஒரு கிழமைக்குள் கட்டைவிரல் குத்துவதில் ஆள்காட்டி விரலையே வென்றுவிட்டது. எரிச்சலில் அதைத் தூக்கி எறிந்துவிட்டார்.

பிறகொரு நாள் ஆலையில் மேற்பார்வையாளர் ஒரு புதிய பெடியனைக் கூட்டிவந்து காட்டினார். “இவருடைய கையைப் பார். கண் காணுமுன்னே அடிக்கும்.” பாராட்டுத்தான். தவராஜா பொத்தானில் இருந்த தன் கையைப் பார்த்தார். அட நாசமாய்ப் போன கையே, உன்னை இப்படிப் பழக்கியது இங்கேதானா!

அந்தச் சனிக்கிழமையே கடைக்குப் போய், அழுத்த ஒன்றுமே இல்லாததைத் தாருங்கள் என்று கேட்டார். இருந்தது. விசையும் இல்லை, பொத்தானும் இல்லை. தோளைப் பின்னுக்கு இழுக்க இழுக்கக் கையோடு மெல்லத் திரும்பி, அதற்கு மனம் வந்தபோது நாணை விடும். அவசரக்காரரைப் படாத பாடு படுத்தும் என்று கடைக்காரர் எச்சரித்தார். முதல் இழுப்பிலேயே பாதியில் நாண் கழன்று, றிலீஸோடு கை வந்து தவராஜாவின் வாயில் குத்தியது.

உதடு வீங்கி வந்தவரை ராசமலர் ஏற இறங்கப் பார்த்தாள். “ஆரோடை அடிபட்டனீங்கள்?”

“என்னோடைதான்.”

மாரி முழுக்க வேலை முடிந்து வந்து, வைக்கோல் கட்டுக்கு முன்னால் முட்டுமாப்போல் கிட்ட நின்று, கண்ணை மூடிக்கொண்டு அம்பு விட்டார். கண் கண்டால்தானே கை அடிக்கும்? சில நாள் இழுத்தபடியே தூக்கம் சொக்கியது. குறி வைக்கவில்லை, ஒன்றும் வைக்கவில்லை. அம்பு எப்போது போனதென்று தெரியாமல் போகப் பழகினார்.

வைகாசியில் கிடாய் வேட்டை திறந்ததும் பீற்றர் அழைத்தார். வா, ஆனால் நான் பக்கத்தில் இருப்பேன் என்றார். சோதனைதான். இன்றைக்கும் குத்தினால் அந்தக் கேற்று இனி இல்லை என்று தவராஜாவுக்குத் தெரியும்.

காலை வேலைக் களைப்போடு புதருக்குள் கூடாரத்தில் இருந்தார். வெயில் சாயுமுன் கிடாய் வந்தது. நல்ல கிடாய். பக்கவாட்டில் நின்று மேய்ந்தது. இழுத்தார். குறி தோளில் போய் நின்றது. தோளைப் பின்னுக்கு இழுக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து மான் நெஞ்சைக் காட்டித் திரும்பியது. முன்னால் எலும்பு, அம்பு எங்கே போகுமென்று சொல்ல முடியாது. அடி, அடி என்றது உடம்பு முழுக்க. கட்டைவிரல் பொத்தானைத் தேடியது. பொத்தான் இல்லை. பொறுத்தார். மான் மறுபடி பக்கம் காட்டவில்லை. மெல்ல, மெல்ல நாணைத் தளர்த்தி வில்லை இறக்கினார். மான் இன்னும் இரண்டு வாய் கடித்துவிட்டுக் காட்டுக்குள் போனது. தவராஜாவுக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில்தான்.

பீற்றர் காரடியில் வந்து திறப்பைத் தவராஜாவின் சட்டைப் பைக்குள் போட்டார்.

வீட்டில் கறித்தூள் வறுத்த வாசம் வாசல்வரை வந்தது.

“விட்டியளோ?” என்றாள் ராசமலர்.

“விட்டிட்டன்.”

“அம்மாடி! எங்கை இறைச்சி, காருக்குள்ளையோ? பெரிய சட்டியை எடுக்கட்டே?”

“அம்பை இல்லையப்பா. மானை விட்டிட்டன்.”

அவள் திட்ட வாயெடுத்தாள். அதற்குள் அவர் திறப்பை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் சரிந்திருந்தார்.

“கோழிக்கால் கிடக்கு. சாப்பிட்டிட்டுப் படுங்கோ” என்றாள். அவர் சப்பாத்தோடேயே தூங்கிவிட்டார். ஐப்பசியிலிருந்து வெறுமையாய் இருந்த கதவோரத்து ஆணியில் அவள் திறப்பைக் கொழுவினாள்.