ரத்தம் நல்லாத்தான் இருக்கு

பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய அந்தக் கடையில் காய் வாங்கினால் யோசனை கொசுறாகக் கிடைக்கும். தராசுக்குப் பின்னால் நிற்கிறவள் யாரையும் வெறுமனே எடை போட்டு அனுப்ப மாட்டாள். "முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு, பீட்ரூட் எடுத்துக்கோ." "கண்ணாடி போட்ட பிள்ளையை வச்சுக்கிட்டு கேரட் வேணாம்னு போறியே, நல்லா இருக்கா?" எந்தக் காயில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கு விரல் நுனியில். தெருவே அவளைச் சத்துக்கா என்றுதான் கூப்பிட்டது. இரண்டு கடை தள்ளி சலூன் வைத்திருந்த அவள் கணவர் மட்டும் அக்காவை எடுத்துவிட்டு, சத்து என்பார். "வெட்டுறதுதானே என் தொழில்" என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார்.

தொழிலில் அவர் கெட்டிக்காரர். அவர் சவரம் செய்தால் கன்னத்தில் கத்தி ஓடுவதே தெரியாது. ராத்திரி தூக்கம் வராத ஆட்கள்கூட அந்த நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு மழைக்காலத்தில், கடைக்கு மேலே இருந்த வீட்டுக்குப் படியேறும்போதே மூச்சு வாங்கி நின்றார். நாக்கு சிவந்து வழவழப்பாகிவிட்டது, சுடச்சுட எதுவும் வாயில் வைக்க முடியவில்லை. பரிசோதித்தால் ரத்தம் குறைவு என்றார்கள்.

சத்துக்காவுக்கு அது போதாதா? வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். காலையில் முட்டை, மதியம் கீரை, அவ்வப்போது ஈரல், கடையில் வந்து இறங்கும் மாதுளையில் முதல் பழம் அவருக்கு. மருந்துக் கடைக்காரர் ஒரு டானிக் கொடுத்தார். இரும்புச்சத்தும் ஃபோலிக் ஆசிடும் சேர்ந்தது, ரத்தம் நன்றாக ஊறும் என்றார். அதை வேளை தவறாமல் அவளே மூடியில் ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

"உன் கவனிப்புக்குப் பயந்தே ரத்தம் ஊறிடும்" என்று அவர் முகத்தைச் சுளித்தபடி குடித்தார்.

ஊறத்தான் செய்தது. அடுத்த பரிசோதனையில் ரத்தம் சரியான அளவுக்கு வந்திருந்தது. சத்துக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள். அன்றைக்குக் கீரை அள்ளிக்கொண்டு போயிற்று.

அதன் பிறகுதான் கத்தரிக்கோல் கீழே விழ ஆரம்பித்தது.

முதலில் கை வழுக்கியது என்றார். பிறகு விரல் மரத்துப்போகிறது என்றார். ஒரு நாள் தரையைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு, "பஞ்சு மெத்தை மேல நிக்கிற மாதிரி இருக்கு சத்து" என்றார்.

"நாள் பூரா நின்னா அப்படித்தான் இருக்கும். ரத்தம் நல்லாத்தானே இருக்கு?" என்று சொல்லி, அவள் ஈரலைக் கொஞ்சம் கூட்டினாள். டானிக்கையும் நிறுத்தவில்லை. தெருமுனை டாக்டரும் அந்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, வயசாகுது, ஓய்வெடுங்க என்று அனுப்பிவிட்டார்.

வங்கிக் காசாளர் ஒருவர், சலூன் திறந்த நாளிலிருந்து வருகிறவர். அவர் காது மடலில் கத்தி பட்டுவிட்டது. துண்டில் ரத்தம் பரவிய பிறகும் இவர் கை நிற்கவில்லை. கத்தி முடியில் இருக்கிறதா தோலில் இருக்கிறதா என்று விரலுக்குத் தெரியவில்லை. காசாளர் நல்ல மனிதர், ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. மறுபடி வரவும் இல்லை.

சட்டைப் பொத்தான் போட நேரமானது. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார். தட்டை நகர்த்திவிட்டு, "தின்னு தின்னுன்னு உயிரை வாங்காதே" என்று ஒரு நாள் கத்தினார். அவரிடம் அப்படியொரு குரல் இருக்கிறது என்றே அவளுக்கு அதுவரை தெரியாது. பிறகு ஒரு காலையில், கண்ணை இறுக மூடி முகத்துக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தவர், யாரோ காலை வாரிவிட்டது போலப் பக்கவாட்டில் விழுந்தார்.

பெரிய மருத்துவமனையில் நரம்பு டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொன்னார். கவைபோல் இருந்த ஓர் இரும்பைத் தட்டி, அது அதிரும்போதே அவர் கால் கட்டைவிரலில் வைத்தார்.

"அதிருதா?"

"முதல்ல வைங்க டாக்டரம்மா, சொல்றேன்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. இரும்பு இன்னும் விரல் மேல்தான் இருந்தது.

புதிதாக ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் இருவரையும் உட்கார வைத்து டாக்டரம்மா சொன்னார். "பி12னு ஒரு சத்து. நரம்புக்கு அதுதான் காவல். இவருக்கு அது கிட்டத்தட்ட இல்லவே இல்ல."

"எதுல இருக்கு அது? சொல்லுங்க, இன்னைக்கே வாங்கிடறேன்."

"முட்டை, பால், ஈரல்..."

"அதெல்லாம்தான் குடுக்கறேனே! வேண்டாம்னாலும் விட மாட்டேனே!"

"குறை சாப்பாட்டுல இல்லம்மா. அதைப் பிடிச்சு உள்ள சேர்க்கிறதுக்கு வயித்துல ஒண்ணு சுரக்கணும். சிலருக்கு அவங்க உடம்பே அதைக் கெடுத்துடும். எவ்வளவு சாப்பிட்டாலும் ஒட்டாது. இனிமே ஆயுசுக்கும் ஊசிதான்."

"ஆனா ரத்தம் நல்லா இருந்துச்சே" என்றாள் சத்துக்கா. பிடித்துக்கொள்ள அவளிடம் அந்த ஒரு வார்த்தைதான் மிச்சமிருந்தது.

"டானிக் ஏதாவது குடிச்சாரா?"

அவள் டானிக்கின் பெயரைச் சொன்னாள்.

"அதுல இருக்கிற ஃபோலிக் ஆசிட் ரத்தத்தை மட்டும் சரி பண்ணிடும். நரம்பை அதால காப்பாத்த முடியாது. ரத்தம் ஏறாமலே இருந்திருந்தா, என்னடா இதுன்னு யாராவது முன்னாலயே தேடியிருப்பாங்க." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தார். "உங்க மேல தப்புன்னு சொல்லலம்மா. இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

பேருந்தில் ஜன்னல் பக்கம் அவரை உட்கார வைத்தாள். வெகுதூரம் வந்த பிறகு அவர்தான் பேசினார். "விடு சத்து. நீ என்ன விஷமா குடுத்தே?"

"விஷமா இருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்ல" என்றாள்.

ஊசி வேலை செய்தது, இல்லையென்று சொல்ல முடியாது. களைப்பு போனது. சிடுசிடுப்பு போய்ப் பழைய கேலி திரும்பியது. ஒரு தடியை ஊன்றிக்கொண்டு நடந்தார். விரல்கள் மட்டும் வரவில்லை. மாதாமாதம் அவள் அவற்றைப் பிடித்துப் பார்ப்பாள். கதகதப்பாக, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கிள்ளிவிட்டு வலிச்சுதா என்று கேட்டால், "எப்போ கிள்ளினே?" என்பார்.

ஒரு வருடம் கழித்து டாக்டரம்மா, திரும்ப வேண்டியது அநேகமாகத் திரும்பிவிட்டது என்றார்.

"வேற ஏதாவது குடுக்கலாமா? கஷாயம், கஞ்சி, எதுவானாலும் செய்யறேன். எவ்வளவு நேரமானாலும் நின்னு செய்யறேன்."

"எதுவும் வேண்டாம்மா. நீங்க வழக்கமா சமைக்கிறதே போதும்."

சலூனை, அங்கே பல வருடம் வேலை பார்த்த தொழிலாளியே எடுத்துக்கொண்டார். இவர் காலையில் போய் வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்து வம்பளந்துவிட்டு வருவார். காய்கறிக் கடையில் யாராவது, "சத்துக்கா, உடம்பெல்லாம் அசதியா இருக்கு, என்ன சாப்பிடலாம்?" என்று கேட்டால் அவள், "டாக்டர்கிட்ட போய்க் காட்டு" என்பாள். கேட்டவர்கள் அவள் விளையாடுவதாக நினைத்துச் சிரித்துவிட்டு, தாங்களாகவே கீரையை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

மதியம் அவர் படியேறி வந்து சாப்பிட உட்கார்ந்தார். ஸ்பூனைக் குழந்தை போல முஷ்டியில் பிடித்துக்கொண்டார். பாதி வழியில் அது சரிந்து மடியில் கொட்டியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. வெறும் ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோய், அங்கே ஒன்றும் இல்லாததைப் பார்த்து அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஊட்டட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்." ஸ்பூனைத் திரும்பத் தட்டுக்குள் விட்டார். "இன்னும் கொஞ்சம் போடு. நல்ல பசி."

அவள் போட்டாள்.